ஒரு ரிங் விட்டால் போதும்

புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். உற்சாகமாய் இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஓய்வுபெற்ற ஆளிடம் உற்சாகம் கேட்பது, கடை மூடியபிறகு வந்து பரோட்டா கேட்பது மாதிரி. என்னிடம் இருப்பதைத்தான் தர முடியும். படித்துவிட்டு முகம் சுளித்தால் நான் பொறுப்பில்லை.

என் பெயர் அந்தோணி. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் கேபிள் இழுத்துத் தொடங்கியவன். பிறகு ஆயுள் முழுக்க அலுவலக போன்கள்தான். ஹோட்டல், வங்கி, பள்ளிக்கூடம் என்று எத்தனை இடத்தில் பழைய போன் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் பெட்டியே இல்லாமல் போய்விட்டது. எல்லாம் கிளவுட். போன் வயர் வழியாக வருவதில்லை, இணையத்தின் வழியாக வருகிறது. இதை எப்படி அமைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதப் போவதில்லை. ஓய்வுபெறுவதற்குமுன் நான் நின்ற கடைசி இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான உதவி மையம் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். கீழே காய்கறிக் கடை, மேலே நாலு மேசை, இரண்டு பெஞ்சு. வேலையில் அடிபட்டவர்கள், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டவர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படாதவர்கள் எல்லாம் அந்தச் செங்குத்தான படியில் மூச்சு வாங்க ஏறி வருவார்கள். வர முடியாதவர்கள் போன் செய்வார்கள். மையத்தின் நம்பர் பல வருஷமாக ஒரே நம்பர்தான். தங்குவிடுதிகளில் பையன்களுக்கு அது மனப்பாடம்.

அந்த போனை எடுப்பவர் ரெஜினா. எங்கள் பங்குக் கோயில்காரர்தான், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், கழுத்து வலிக்காரர். பழைய போன் பெட்டிக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் போனதும் நன்கொடையாளர் ஒருவர் உதவியில் கிளவுட்டுக்கு மாற முடிவெடுத்தார்கள். முதலில் கைதட்டியவர் ரெஜினாதான். காதில் மாட்டிக்கொண்டு கழுத்தை வளைக்காமல் பேசலாம் என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம்.

திட்டம் போட்டது எங்கள் கம்பெனி கார்த்திக். கோயம்புத்தூர்ப் பையன், கெட்டிக்காரன், மரியாதையானவன். அவனைப் பற்றிக் குறையாய் எதுவும் சொல்ல வரவில்லை. மையத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, என்னென்ன மாதிரி போன் வருகிறது என்று பொறுமையாகக் கேட்டான். அடிபட்ட கேஸ், சம்பள கேஸ், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், நன்கொடை கொடுப்பவர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ரெஜினாவும் சொன்னார். எல்லாவற்றையும் வைத்து அழகாக ஒரு ஏற்பாடு செய்தான். போன் வந்தவுடன் சிஸ்டமே எடுத்துவிடும். வணக்கம் சொல்லும். தமிழுக்கு ஒன்று, வங்காளத்துக்கு இரண்டு, பர்மியத்துக்கு மூன்று. அழுத்தினால் சரியான ஆளுக்குப் போகும். யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த வணக்கத்தை ரெஜினாவின் குரலிலேயே பதிவு செய்தார்கள். “வணக்கம். உங்களுக்கு உதவ நாங்கள் இருக்கிறோம்” என்று தொடங்கும். வாசகம் வாசிக்கிற அதே குரல். அன்றைக்கு எல்லாருக்கும் சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார்.

திட்டம் போட்ட கூட்டத்தில் நான் இல்லை. மாற்றம் முடிந்தபின், புது இடத்தில் முதல் சில வாரம் கூடவே நின்று சின்னச் சின்னக் கோளாறுகளைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். ரிட்டையராகப் போகிற கிழவனுக்கு லேசான வேலை. உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தது. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. தவறிப்போன அழைப்பு ஒன்றுமில்லை என்று வாராவாரம் காட்டியது. மையத்து நிர்வாகத்தார் அதைப் படம் பிடித்து நன்கொடையாளருக்கு அனுப்பினார்கள்.

ரெஜினாவுக்கு மாலை நேரம் மிச்சமாகியிருந்தது. “பையங்களுக்கு இப்ப எல்லாம் பிரச்சினை கொறைஞ்சிருக்கு போல, அந்தோணி. முன்ன எல்லாம் ஒன்பது மணி ஆகும் வீட்டுக்குப் போக. இப்ப கோயில்ல நவநாள் செபத்துக்கே போக முடியுது லா,” என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பிரச்சினை குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஞாயிறு லிட்டில் இந்தியா எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. மையத்தில் பெஞ்சு நிறைந்து படிவரை ஆட்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் மேலே வந்தான். பெயர் மாரியப்பன். வந்தவன் நேராக ரெஜினா மேசைக்குப் போய் நின்றான்.

“அக்கா, இளவரசனுக்கு என்னக்கா பண்ணீங்க?”

“எந்த இளவரசன், தம்பி?”

“என் ரூம்காரன்க்கா. சாரத்துலேர்ந்து விழுந்து இடுப்புல அடிபட்டவன். ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. கம்பெனி ஊருக்கு அனுப்பப் பாக்குது. ஒங்களுக்குத்தான் மூணு நாளா ரிங் விட்டானே!”

ரெஜினாவின் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிமிஷம்வரை எனக்கும் தெரியாது. விடுதியிலோ வேலையிடத்திலோ சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கும்போது உதவி மையத்தோடு பேச முடியாது. பேசுவது தெரிந்தால் மறுநாளே விமானச் சீட்டு வரும். வாட்ஸ்அப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எழுதினால் எழுத்து போனில் மிஞ்சும், போனைப் பிடுங்கிப் பார்த்தால் ஆள் தொலைந்தான். அதனால் பையன்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மையத்துக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். யாராவது கேட்டால், கை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய போனின் சின்னத் திரையில் அந்த நம்பர் நிற்கும். ரெஜினா பகலில் அதைத் தொட மாட்டார். பையன்கள் வேலை முடிந்து, குளித்து, சமைக்கிற நேரம் பார்த்து, ஒவ்வொரு நம்பராகத் திருப்பிக் கூப்பிடுவார். அவர்கள் மாடிப்படிக்குப் போய் நின்று பேசுவார்கள். அவர் தினமும் ஒன்பது மணிவரை இருந்தது இதற்குத்தான்.

கார்த்திக் கேட்டபோது ரெஜினா இதை ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. பிறகு புரிந்தது. என்ன மாதிரி போன் வருகிறது என்றுதானே கேட்டான்? அதில் யாரும் பேசுவதில்லை, யாரும் எடுப்பதுமில்லை. சமையலைப் பற்றிக் கேட்டால் அடுப்பைப் பற்ற வைப்பதை யார் சொல்கிறார்கள்?

மாரியப்பன் சொல்லிக்கொண்டே போனான். “நீங்க எடுத்தீங்களாம்க்கா. எடுத்து வணக்கம் சொன்னீங்களாம். ஒங்க கொரலு அவனுக்குத் தெரியும், போன வருசம் என்னோட இங்க வந்திருக்கான். அக்காவே எடுத்துட்டாங்க, ராத்திரி கண்டிப்பா கூப்பிடுவாங்கன்னு மூணு நாளும் தூங்காம கெடந்தான். காலையில வேன்ல ஏத்தும்போதுகூட, அக்காகிட்ட சொல்லியாச்சு, பாத்துக்குவாங்கன்னுதான் சொல்லிட்டுப் போனான். எனக்குத்தான் மனசு கேக்கல.”

“நான் எடுக்கவே இல்லையே தம்பி,” என்றார் ரெஜினா. அந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது.

நான் என் கைப்பேசியை எடுத்து மையத்து நம்பரை அழுத்தினேன். உடனே ரெஜினாவின் பதிவுக்குரல் வணக்கம் சொன்னது. வைத்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ரெஜினாவின் திரையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை செய்தேன். ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு என்று எதையும் அழுத்தாமல் வைப்பவர்களை, வழி தவறி வந்தவர்கள் என்று சிஸ்டம் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. எங்கள் தொழிலில் அது கோளாறு அல்ல. எல்லா இடத்திலும் அப்படித்தான் அமைப்போம். திரை பச்சையாகவே இருந்தது. அதை உடைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

வேன் விமான நிலையத்துக்குப் போகிறதா, முதலில் ஏஜென்ட் வீட்டுக்கா, எந்த விமானம், திருச்சியா சென்னையா, மாரியப்பனுக்கு எதுவும் தெரியாது. இன்றைக்கு என்பது மட்டும் தெரியும். விமானம் ஏறும்முன் தெரிந்தால் மையத்தால் தடுக்க முடியும். சிகிச்சை பாக்கியிருக்கிற ஆளை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது, பல பேருக்குச் செய்திருக்கிறார்கள். ஏறிவிட்டால் ஆப்பரேஷனும் போச்சு, கேசும் போச்சு.

கார்த்திக்கைக் கூப்பிட்டேன். எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்த வணக்கத்தைத் தூக்கு. போன் வந்தா நேரா ரெஜினா மேசையில அடிக்கணும். பழைய மாதிரி. இப்பவே.”

“அண்ணா, கஸ்டமர் எழுதிக் கொடுக்காம லைவ்ல கை வைக்கக் கூடாதுங்ணா. நாளைக்கு காலைல முதல் வேலையா...”

“நாளைக்கு அவன் ஊர்ல இருப்பான்டா!” என்று கத்தினேன். பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “யார் கேட்டாலும் அந்தோணி சொன்னான்னு சொல்லு. என்னை என்ன பண்ணிடுவாங்க, வேலைய விட்டு நிறுத்துவாங்களா?”

“சரிங்ணா,” என்றான். நான் போனைக் காதிலிருந்து எடுக்குமுன் செய்து முடித்துவிட்டான். அவ்வளவு சுலபம். அது அவ்வளவு சுலபமாய் இருந்ததுதான் என்னை இன்றுவரை கொல்கிறது.

கொஞ்ச நேரத்தில் ரெஜினாவின் மேசை போன் ஒரு தடவை அடித்து நின்றது. திரையில் ஒரு நம்பர்.

“அவன் நம்பருதான்க்கா!” என்றான் மாரியப்பன்.

என் கை போனுக்குப் போனது. ரெஜினா தன் கையை அதன்மேல் வைத்துவிட்டார்.

“வேணாம் அந்தோணி. பேச முடிஞ்சா பேசியிருப்பான் லா. ஒரு ரிங் விட்டிருக்கான்னா பக்கத்துல ஆள் இருக்கு.”

“சாயந்திரம் கூப்பிட அவன் இங்க இருக்க மாட்டான், ரெஜினா.”

“ஒரு தடவை அவசரப்பட்டுப் பகல்ல கூப்பிட்டேன். சூப்பர்வைசர் எடுத்தான். அந்தப் பையன் என்ன ஆனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ரூம்காரன் நம்பர்லேர்ந்து கூப்பிட்டாலும் அதே கதைதான். போனைப் புடுங்கிட்டா இவனை எங்கன்னு போய்த் தேடுறது? அவன் கையில இப்ப இருக்கிறது அந்த ஒரு போன்தான்.”

மாரியப்பனைப் பார்த்தேன். “கூப்பிடாதீங்கக்கா,” என்றான். உடனே, “இல்லக்கா, கூப்பிடுங்க,” என்றான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

ரெஜினா நாற்காலியை மேசைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு அந்த நம்பரை அழுத்தி, ஒரே ஒரு ரிங் விட்டு வைத்தார். “பாத்துட்டோம்னு அவனுக்குத் தெரியட்டும். நாம நேர்லயே ஏர்போர்ட்டுக்குப் போயிடுவோம்,” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தாலும் இருக்கிறது.

ரெஜினாவும் மாரியப்பனும் சிராங்கூன் ரோட்டில் டாக்சி கிடைக்காமல் ஓடியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் கைப்பையைக்கூட எடுக்கவில்லை. நான் போனுக்குக் காவலாக உட்கார்ந்தேன். எத்தனையோ பெரிய இடத்தில் சிஸ்டம் விழுந்து, முதலாளிகள் என் தலைக்குமேல் நின்று கத்தியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் பதறியதில்லை. இப்போது சிஸ்டம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, நான் ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். விரலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போன் மறுபடி அடிக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஒரு முனையத்தில் இறங்கித் தேடி, இன்னொன்றுக்கு ஓடி, அங்கிருந்த போலீஸ்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த விமானம், முழுப்பெயர் என்ன என்று அவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது சரிதான். இளவரசன் என்பதற்குமேல் இவர்களுக்குத் தெரியவில்லை. மாரியப்பன் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கார்த்திக் மையத்துக்கு வந்தான். பெஞ்சில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, வெகுநேரம் ரெஜினாவின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது என்னிடம் சொன்னான்: “காலேஜ் பஸ் ஏறுனதும் எங்கம்மாவுக்கு டெய்லி ஒரு ரிங் விடுவேங்ணா. அவங்க எடுக்க மாட்டாங்க, ஏறிட்டான்னு தெரிஞ்சுக்குவாங்க. நாலு வருஷம். எனக்கு எப்படிங்ணா இது தோணாமப் போச்சு?” நானும்தான் பள்ளிக்கூடத்து போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு ரிங் விட்டு, வந்து கூட்டிப் போகச் சொன்னவன். இந்த ஊரில், நம் ஆட்களில், இதைச் செய்யாதவர் யார்? கூட்ட அறைக்குள் நுழையும்போது நாம் அத்தனை பேரும் வாழ்ந்த வாழ்க்கையைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டுப் போகிறோம்.

அதனால் ஒன்று சொல்கிறேன், இது ஒன்றைத்தான் பாடம் என்று சொல்லத் தோன்றுகிறது. புது இடத்துக்குப் போனால் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு நாள் முழுக்க அந்த போனின் பக்கத்தில் உட்காருங்கள், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்வரை. போன் அடிக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அடித்து நின்றபிறகு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

சில நாள் கழித்து இளவரசன் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பேசினான். நானும் கேட்கட்டும் என்று ரெஜினா ஸ்பீக்கரில் போட்டார். திட்டுவான் என்று இருவரும் எதிர்பார்த்தோம். திட்டியிருக்கலாம்.

“அக்கா, ஏர்போர்ட்ல நீங்க ரிங் விட்டீங்கள்ல, பாத்தேன்க்கா. உள்ள போற வாசலுக்கு முன்னாடிதான் நின்னேன். சரி, அக்கா இப்ப கூப்பிடப் போறாங்கன்னு, இடுப்பு வலிக்குதுன்னு சொல்லி அங்கயே உக்காந்துட்டேன். கூட வந்த ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல. பத்தடியில ஒரு போலீஸ்காரரு நின்னாருக்கா. நீங்க கூப்பிட்டா ஒடனே எந்திரிச்சு அவருகிட்டப் போயி போனக் குடுத்துரலாம்னு கையிலயே வச்சிருந்தேன். எனக்கு இங்கிலீசு வராதுல்ல, நீங்க பேசுவீங்கள்ல. ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்க்கா.”

ரெஜினா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பரவால்லக்கா, ஒங்களுக்கு என்ன வேலையோ. இப்ப நடக்க முடியுது. குனியத்தான் முடியல,” என்றான்.

வணக்கத்தை எடுத்தது எடுத்ததுதான், பிறகு யாரும் அதை மாற்றவில்லை. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று அறிக்கை போனது. அதில் பொய் ஒன்றுமில்லை. ஒரு ரிங் விட்டால் இப்போது ரெஜினாவின் மேசையில் அடிக்கும், நம்பர் திரையில் நிற்கும், எல்லாம் பழைய மாதிரியே. ஆனால் விடுதிகளில் பேச்சு பரவிவிட்டது. அந்த நம்பருக்கு ரிங் விட்டால் எடுக்கிறார்கள், ஆனால் திருப்பிக் கூப்பிடுவதில்லை என்று. மாரியப்பன் போய்ப் போய்ச் சொல்லிப் பார்த்தான். அவன் சொல்வதை யார் நம்புவார்கள், அவன் ரூம்காரன்தானே போனான்?

எனக்கு அங்கே கடைசி நாள். எல்லாரும் போய்விட்டார்கள். ரெஜினா மட்டும் பழையபடி மாலையில் வீட்டுக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்திருந்தார். நவநாளுக்குப் போவதையும் விட்டுவிட்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்.

“போன் நல்லாத்தானே வேலை செய்யுது, அந்தோணி?”

கைப்பேசியை எடுத்து மையத்துக்கு ஒரு ரிங் விட்டேன். அவர் மேசையில் போன் ஒரு தடவை அடித்து நின்றது. ரெஜினா சட்டென்று திரையைப் பார்த்தார். என் நம்பர்தான் இருந்தது. வேறு எந்த நம்பரும் இல்லை.

“நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.